ரப்பர் மரத்தில் காய்த்த பைன் காய்: ஒரு டூப் டப்பா செட்டின் விமர்சனம்

மார்த்தாண்டத்தில் இருபத்தாறு வருடமாக இரும்புக்கடை வைத்திருக்கிறேன். போல்ட்டும் நட்டும் கிலோ கணக்கில் விற்கிற ஒருவன் ஆன்லைனில் ஆர்டர் போட்டு ஒரு போல்ட் வாங்கினால் வீட்டில் என்ன சொல்வார்கள்? சொன்னார்கள். அதை இங்கே எழுத முடியாது.

வாங்கியது வேலைக்கு ஆகிற போல்ட் இல்லை. உள்ளே குடைந்து, தலைக்கு அடியில் காந்தம் வைத்து, கழற்றினால் சுருட்டிய காகிதம் இருக்கிற டூப் போல்ட். அதோடு பிளாஸ்டிக்கில் ஒரு கல், ஒரு பைன் காய், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு காந்த டப்பா, சாவிக்கொத்தில் தொங்கவிடுகிற அலுமினியக் குப்பி. மொத்தம் ஐந்து. கூரியரோடு 1,480 ரூபாய். விற்ற கடையின் பெயர் வேண்டாம். இதே செட்டைப் பத்துப் பேர் பத்துப் பெயரில் விற்கிறார்கள்.

எதற்கு வாங்கினேன் என்று சொல்ல வேண்டும். அக்கா மகன் ஜெர்மனியில் இருக்கிறான். இரண்டு வருடத்துக்கு முன் லீவில் வந்தபோது போனைப் பார்த்துக்கொண்டே கடைக்கு முன்னால் இருந்த வேலிக்கல்லைத் தடவிக்கொண்டு நின்றான். என்னடா என்றால், 'ஜியோகேச்சிங் மாமா' என்றான். யாரோ ஒரு டப்பாவை ஒளித்துவைத்து, அந்த இடத்தின் ஜிபிஎஸ் எண்ணை மட்டும் இணையத்தில் போடுவார்களாம். நாம் போய்த் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் காகிதத்தில் பெயரும் தேதியும் எழுதி, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டுமாம். பரிசு? ஒன்றும் இல்லை. காசு? ஒன்றும் இல்லை. அப்புறம் எதுக்குலே என்று கேட்டேன். 'நீங்க எதுக்கு மாமா தினமும் குறுக்கெழுத்து போடுறீங்க?' என்றான். சரி.

அன்று ராத்திரி அக்கா வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டுக்கொண்டே அவன் நாலு சங்கதி சொன்னான். ஒன்று, விண்வெளி நிலையத்தில் ஒரு கேச், அதாவது இந்த ஒளித்துவைக்கிற டப்பா, இருக்கிறது, 2008-இல் அங்கே போன ரிச்சர்ட் கேரியட் என்பவர் ஒரு லாக்கரையே டப்பாவாகக் கணக்கு வைத்தார். இரண்டு, அட்லாண்டிக் கடலுக்கு அடியில் சுமார் 2,300 மீட்டர் ஆழத்தில் இன்னொன்று. மூன்று, செவ்வாயில் ஓடுகிற பெர்சிவியரன்ஸ் வண்டியில் இந்த விளையாட்டில் ஒரு பொருள் எங்கெங்கே போகிறது என்று பின்தொடர உதவும் பயணக் குறியீடு ஒன்று பொறித்திருக்கிறது. நாலு, உலகத்தின் முதல் டப்பாவில் தங்கக்காசு வைத்திருந்தார்கள். 'இதுல ஒண்ணு புளுகு மாமா, எதுன்னு சொல்லுங்க.'

நான் முதல் மூன்றும் புளுகு என்றேன். லேய் மக்கா, கதை விடுறதுக்கும் ஒரு அளவு வேண்டாமா? தங்கக்காசை மட்டும்தான் நம்பினேன். கடைசியில் பார்த்தால் தங்கக்காசுதான் அண்டப்புளுகு. மற்ற மூன்றும் நிஜம். முதல் டப்பாவில் இருந்தது ஒரு டின் பீன்ஸ், கவண், புத்தகம், கொஞ்சம் பணம் இந்த மாதிரி சாமான்கள். அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர் 2000 மே 3-ஆம் தேதி வைத்தது. அதற்கு முந்தின நாள்தான் அமெரிக்க அரசு ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை நிறுத்தியது. அதுவரை நூறு மீட்டர்கூட தப்பிப் போன கருவி, ஒரே நாளில் பத்து இருபது மீட்டருக்குள் இடத்தைக் காட்ட ஆரம்பித்தது. நம்ம கன்னியாகுமரியில் வள்ளுவர் சிலை திறந்து நாலு மாதம் ஆகியிருந்த நேரம் அது.

அந்த ராத்திரிதான் எனக்கு இந்தக் கிறுக்கு பிடித்தது. டப்பா தேடுவதில் இல்லை. ஒளிப்பதில். நான் மூன்றுக்கு மூன்று நிஜத்தைப் பொய் என்று சொல்லி, ஒரே ஒரு பொய்யை நம்பியவன். தங்கக்காசு புதையலுக்குப் பொருந்துகிறது, அதனால் நம்பினேன். அந்த மாதிரிப் பொருந்துகிற ஒரு பொய்யை நாமும் செய்துபார்க்கலாமே என்று தோன்றியது. இந்த செட்டை வாங்கியதும் அதற்குத்தான். இனி ஒவ்வொன்றாக.

போல்ட்

தொழில் தெரிந்தவன் என்பதால் கொஞ்சம் கடுமையாகவே பார்த்தேன். அறுகோணத் தலை, 30 நம்பர் ஸ்பானர் சரியாக உட்காருகிறது. அளவில் ஏமாற்றவில்லை. ஆனால் தலையில் எண் எதுவும் இல்லை. இந்த சைசில் நல்ல போல்ட் என்றால் தலையில் 8.8 என்றும் கம்பெனி அடையாளமும் அடித்திருக்கும். மொட்டைத் தலை போல்ட் என் கண்ணுக்கு ஒரு நொடியில் தெரியும். வாஷரும் கொடுக்கவில்லை. வாஷர் இல்லாமல் இந்த சைஸ் போல்ட்டை எந்த ஃபிட்டர் முடுக்குவான்? பளபள ஜிங்க் முலாம் வேறு. எனவே கடையிலிருந்து ஒரு வாஷரைக் கோத்து, பழைய கிரீஸும் துருத்தூளும் குழைத்துப் பூசி, வெயிலில் இரண்டு நாள் போட்டேன். அதற்கு அப்புறம்தான் அது பார்ப்பதற்கு ஒரு யோக்கியமான போல்ட் ஆயிற்று.

கடை ஷட்டரின் ஆங்கிள் ஃபிரேமில் மற்ற நாலு நிஜ போல்ட்டுக்கு நடுவே ஒட்டவைத்தேன். மூன்று வாரம். என் மனைவி பார்க்கவில்லை. கடைப் பையன் தினமும் அந்த ஷட்டரை ஏற்றி இறக்குகிறான், அவனும் பார்க்கவில்லை. நாலாவது வாரம் எங்கள் பழைய வாடிக்கையாளர், வெல்டிங் வேலை பார்க்கிறவர், டீ குடித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். "அண்ணே, ஃபிரேம்ல நாலு ஓட்டைதானே போட்டேன், அஞ்சாவது போல்ட் எங்கேருந்து வந்துச்சு?" என்றார். அந்த ஃபிரேமை அடித்ததே அவர்தான். நான் தெரியாது என்றேன். ஸ்பானரை எடுத்துப் போய் வைத்து ஒரு திருப்புத் திருப்பினார். போல்ட் முழுசாகக் கையோடு வந்துவிட்டது. ஷட்டர் தலையில் விழப்போகிறது என்று நினைத்து மனுஷன் டீக்கிளாஸோடு ரோட்டில் குதித்தார். கிளாஸுக்கு நான்தான் காசு கொடுத்தேன்.

காந்தம் நல்ல பிடி. அதில் குறையில்லை. தண்ணீருக்குத்தான் சந்தேகம். ராத்திரி முழுக்க வாளித் தண்ணீரில் போட்டுக் காலையில் திறந்தால், காகிதத்தின் ஓரத்தில் ஈரம். உள்ளே இருந்த ரப்பர் வளையம் சப்பை. நம்ம மாவட்டத்துக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. இதை நம்பி வெளியில் விட்டால் உள்ளே காகிதக்கூழ்தான் மிஞ்சும். குழாய்க்குப் போடுகிற ஓ-ரிங் ஒன்றை மாற்றினேன், இரண்டு ரூபாய். மறுபடி வாளியில் போட்டேன், சொட்டு இறங்கவில்லை. குளச்சல், முட்டம் பக்கம் கடலோரத்தில் வைக்கிறவர்கள் காந்தத்தின் மேல் ஒரு கோட்டிங் நெயில் பாலிஷ் அடித்துவிடுங்கள். நிக்கல் பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் போதும், உப்புக்காற்று உள்ளே புகுந்து அரித்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. ரயில் பாலத்திலும் கரண்ட் கம்பத்திலும் கோயில் மதிலிலும் இதை ஒட்டி விளையாட நினைக்காதீர்கள். இரும்புக் குப்பிக்குள் காகிதம் சுருட்டி ஒளித்துவைத்ததைப் பார்க்கிற போலீஸ்காரருக்கு இது விளையாட்டு என்று எப்படித் தெரியும்? செட்டோடு வந்த ஸ்டிக்கர் முழுக்க ஆங்கிலம். நான் தமிழில் 'இது விளையாட்டுப் பெட்டி, ஆபத்தில்லை, எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே வையுங்கள்' என்று எழுதி ஒட்டினேன். கடையில் இருப்பதை விளையாட்டில் சேர்க்கவும் இல்லை. வியாபாரத்துக்கு ஆள் பிடிக்கிற டப்பாவை அனுமதிக்க மாட்டார்கள், அது நியாயமும்கூட.

நானோவும் குப்பியும்

நகம் அளவு டப்பாவுக்கு நானோ என்று பெயர். வேலை சுத்தம். ஆனால் உள்ளே இருக்கிற காகிதச்சுருள் முறுக்கு நூல் மாதிரி. பெயரை எழுதவே இடமில்லை, அதில் எங்கே புளுகுவது? எனக்கு ஆகாது. அலுமினியக் குப்பி கொள்ளாம். இப்போது மனைவி அதில் பிரஷர் மாத்திரை வைத்துக்கொள்கிறாள். இந்த செட்டில் வீட்டார் பாராட்டிய ஒரே பொருள் அது.

கல்

கல் என்று எழுதவே கை கூசுகிறது. சாம்பல் நிறம், பச்சைப் பாசி வரைந்தது மாதிரி. எந்த நாட்டுக் கல்லோ தெரியாது, விளவங்கோடு தாலுகாக் கல் இல்லை. தட்டினால் டொக் என்கிறது. அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது, அவளே முற்றத்தில் பார்த்துவிட்டு "அது என்ன பிளாஸ்டிக்?" என்று கேட்டாள். ஆரல்வாய்மொழிப் பக்கம் கொண்டுபோய் வைத்தால் ஆடிக்காற்றில் கல் பறந்துபோகிற அதிசயத்தை நாலு பேர் பார்ப்பார்கள்.

ஆனால் உள்ளே இடம் நல்ல இடம். சின்ன நோட்டுப்புத்தகமும் பென்சிலும் வைக்கலாம். அதனால் விடவில்லை. சுவர்ப்பக்கத்தில் எம்சாண்டும் சிமெண்டும் குழைத்து அப்பி எடையைக் கூட்டினேன். மேலே பசை தடவிச் செம்மண்ணையும் சரல்கல் பொடியையும் தூவினேன். குலசேகரம் பக்கத்தில் அக்காவுக்கு இருக்கிற ரப்பர் தோட்டத்தின் கய்யாலையில், அதாவது கல் அடுக்கிய எல்லைச்சுவரில், ஒரு கல்லை உருவி எடுத்துவிட்டு அந்தப் பொந்தில் இதைச் செருகினேன். அக்காவிடம் கேட்டுத்தான். பத்தடி தள்ளி நின்று பார்த்தபோது எனக்கே எது என்று ஒரு நிமிஷம் தடுமாறியது.

பைன் காய்

இங்கேதான் விஷயம். பெட்டியைப் பிரித்தபோது சிரித்துவிட்டேன். அழகாகச் செய்திருக்கிறார்கள். செதில் செதிலாக, நிறம்கூட அச்சு அசல். ஜெர்மனியில் காட்டில் போட்டால் பக்கத்தில் கிடக்கிற ஆயிரம் காயில் ஒன்று. மார்த்தாண்டத்தில் எங்கே போடுவது? பைன் மரம் பார்க்க நம்ம ஆட்கள் கொடைக்கானலுக்கு பஸ் ஏற வேண்டும்.

ஒரு வாரம் மேஜையில் கிடந்தது. அப்புறம் தோன்றியது. பொருந்தாத பொய்யை யார் கண்டுபிடிப்பார்கள்? எல்லாரும். அப்படியானால் எல்லாரும் கண்டுபிடிக்கட்டும். ரப்பர் தோட்டத்தில் ஒரு மரத்துக் கவட்டில் பைன் காயைத் தெரிகிற மாதிரி வைத்தேன். உள்ளே ஒரு துண்டுச்சீட்டு. 'பைன் காய்க்கும் ரப்பர் மரத்தைக் கண்ட முதல் விஞ்ஞானி நீங்கள். பெட்டி இது இல்லை.' இந்த மாதிரி டூப் வைப்பது விளையாட்டில் பழைய பழக்கம். ஏமாந்தவன் சிரித்துக்கொண்டே மறுபடி தேடுவான்.

குறிப்பு எழுதியது இதைவிட வேடிக்கை. டப்பாவின் இணையப் பக்கத்தில் போடுகிற குறிப்பு அப்படியே தெரிந்துவிடாமல் இருக்க, ஆங்கில எழுத்துகளைப் பதின்மூன்று இடம் தள்ளி மாற்றிக் காட்டுவார்கள். தேவைப்பட்டவர் மட்டும் பிரித்துப் படிக்கலாம். நான் தமிழில் எழுதினேன். ஒரு எழுத்துகூட மாறவில்லை, அந்தக் கணக்கு ஆங்கில எழுத்துக்கு மட்டும்தான். முதலில் இது என்ன கூத்து என்று நினைத்தேன். அப்புறம் அதையே பிடித்துக்கொண்டேன். தமிழில் பச்சையாக 'மரத்தைப் பார்' என்று போட்டேன், ஆங்கிலத்தில் மறைத்து 'கல்' என்று போட்டேன். நாகர்கோவிலிலிருந்து வந்த ஒரு தம்பி ஒன்றரை மணிநேரம் ரப்பர் மரமாகப் பார்த்துவிட்டு போன் பண்ணினான். "தமிழ் தெரிஞ்சதுதான் என் தப்பா அண்ணாச்சி?" என்றான். மட்டிப்பழம் ஒரு சீப்பு வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தேன்.

மரத்தடியில் ஜிபிஎஸ் கொஞ்சம் தடுமாறும் என்பதும் எனக்குச் சாதகம். திறந்த வெளியில் போன் ஐந்து மீட்டருக்குள் காட்டுகிறது. ரப்பர் இலை மூடிய இடத்தில் அதுவே நின்ற இடத்தில் நின்றபடி அங்கும் இங்கும் குதிக்கும். வடக்கு 8 டிகிரி இத்தனை நிமிஷம் என்று மூன்று தசம இலக்கம் வரை எழுதும் எண்ணில் கடைசி இலக்கம் ஒன்று மாறினால் தரையில் ஏறக்குறைய 1.85 மீட்டர். கய்யாலைக்கும் மரத்துக்கும் நடுவே அவ்வளவுதான் தூரம். ஆள் எந்தப் பக்கம் திரும்புவான்? பைன் காய் தெரிகிற பக்கம்தான்.

சொந்தமாக ஒன்று செய்ததையும் சொல்லிவிடுகிறேன், யாரும் திரும்பச் செய்ய வேண்டாம் என்பதற்காக. ரப்பர் தோட்டத்துக்குப் பொருத்தமான பொய் என்ன? பால் பிடிக்கிற சிரட்டை. ஒரு சிரட்டைக்குள் இன்னொரு சிரட்டையை ஒட்டி, நடுவில் காகிதம் வைத்து, வெட்டாத மரம் ஒன்றில் கம்பியில் மாட்டினேன். அவ்வளவு பெருமை எனக்கு. விடியற்காலை தலையில் லைட் கட்டிக்கொண்டு பால் வெட்ட வந்தவர், வெட்டாத மரத்தில் சிரட்டை தொங்குவதைப் பார்த்து, நேற்று வந்தவன் மரம் மாறி வெட்டிவிட்டான் என்று நினைத்து அதைக் கழற்றி ஒட்டுப்பால் (உறைந்து காய்ந்த ரப்பர் பால்) சாக்கில் போட்டுவிட்டார். ஒட்டுப்பால் நாற்றம் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். சாக்கைக் கவிழ்த்து நான் தேடின அரைமணி நேரத்தை மறக்க முயற்சி செய்துகொண்டிருக்கிறேன். பொய் அவ்வளவு நன்றாகப் பொருந்தினாலும் தொல்லைதான்.

புளுகு நோட்டு

நட்சத்திரம் கேட்பார்கள். போல்ட்டுக்கு நாலு, கல்லுக்கு வந்த கோலத்தில் ஒன்று, சிமெண்ட் பூசிய பிறகு நாலு, பைன் காய்க்கு அவர்கள் நினைத்த வேலைக்குச் சைபர், நான் வைத்த வேலைக்கு ஐந்து. செட்டுக்கு மூன்று போட்டேன். 1,480 அதிகம். போல்ட்டை மட்டும் தனியாக விற்றால் வாங்குங்கள்.

கல்லுக்குள் வைத்த நோட்டுப்புத்தகம் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த விளையாட்டில் புளுகர் டப்பா என்று ஒரு வகை இருந்தது. கண்டுபிடித்தவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்பதை வாய்கூசாமல் புளுகித்தான் எழுத வேண்டும், உண்மையை எழுதினால் டப்பாவை வைத்தவர் அந்தப் பதிவை அழித்துவிடலாம். 2009-இல் இந்த மாதிரிக் கட்டாயங்களை எடுத்துவிட்டார்கள். இப்போது காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் கணக்கில் சேரும், புளுகுவது அவரவர் விருப்பம். எனக்கு அது பிடித்த விதி. வராமலேயே வந்தேன் என்று வீட்டிலிருந்து பதிவு போடுகிற பொய் வேறு, அதை நோட்டைப் பார்த்துவிட்டு அழித்துவிடுவேன். வேர்த்து விறுவிறுத்து வந்து நின்று, நம்மைச் சிரிக்கவைக்க எழுதுகிற பொய் வேறு. முதல் பக்கத்தில் 'விருப்பப்பட்டவர்கள் கயிறு திரிக்கலாம்' என்று மட்டும் எழுதிவைத்தேன்.

நம்ம ஊர்க்காரர்களுக்கு அவ்வளவு போதும். எந்தக் கொட்டாரத்தை (அரண்மனையை)க் கேட்டாலும் அடியில் சுரங்கப்பாதை போகிறது என்று சத்தியம் பண்ணுகிற மாவட்டம் இது. மருத்துவாழ் மலை அனுமார் கையிலிருந்து விழுந்த துண்டு என்று கேட்டு வளர்ந்தவர்கள். நோட்டில் வந்தவை சில:

'முப்பந்தல் காற்றாடியின் இறக்கையில் சட்டை மாட்டிக்கொண்டது. மூன்று சுற்றுக்கு அப்புறம் விட்டது, நேராக இங்கே வந்து விழுந்தேன். பஸ் காசு மிச்சம்.'

'மாத்தூர் தொட்டிப்பாலத்தின் மேல் 115 அடி உயரத்தில் தண்ணீரில் நீந்தி வந்தேன். நடுவில் ஒரு திமிங்கலம் வழிவிட மறுத்ததால் தாமதம்.'

'இந்தக் கல்லுக்குப் பின்னால் சுரங்கம். நுழைந்தால் பத்மநாபபுரம் அரண்மனை. டிக்கெட் கேட்டதால் திரும்பிவிட்டேன்.' இதை எழுதியது எட்டாம் வகுப்புப் பிள்ளை என்று கையெழுத்தே சொல்கிறது. அவளுக்கு ஒரு பேனா வாங்கி நோட்டோடு வைத்திருக்கிறேன், மறுபடி வந்தால் எடுத்துக்கொள்ளட்டும்.

மருமகனுக்கு இவற்றைப் படமெடுத்து அனுப்பினேன். ஜெர்மனியில் அவ்வளவு டப்பா பார்த்தும் யாரும் எழுதிப் பார்த்ததில்லையாம், பெயரும் தேதியும் போட்டுவிட்டுப் போய்விடுவார்களாம். அடுத்த லீவில் வரும்போது ஒரு பை நிறைய நிஜப் பைன் காய் கொண்டுவருகிறேன் என்றான். தோட்டம் முழுக்கப் போட்டுவிடலாம், எது டூப் என்று அப்போது பார்க்கலாம் என்று. கஸ்டம்ஸில் என்ன சொல்லிக் கொண்டுவருவாய் என்று கேட்டேன். உண்மையைச் சொன்னால் நம்பமாட்டார்கள் மாமா என்றான்.

போன ஞாயிற்றுக்கிழமை பென்சில் மாற்றுவதற்காகத் தோட்டத்துக்குப் போனேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது. பைன் காய் கவட்டில் அப்படியே இருந்தது. கய்யாலைக் கல்லை உருவி நோட்டைப் பிரித்தேன், காய்ந்துதான் இருந்தது. கடைசிப் பக்கத்தில் பெயர் இல்லாமல், நல்ல கையெழுத்தில் ஒரு வரி.

'இரண்டு மணிநேரம் தேடினேன். இந்த டப்பா எனக்குக் கிடைக்கவில்லை.'